கழுவிய தவளை

"எனக்குள்ள நான் மட்டும் இருக்கணும் அம்மா. மத்தவங்க எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுங்க."

டாக்டர் பிறவிப்பெருமாள் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஓடைக்கரைக் குடிசையில் வெயிலுகந்தாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவர் தேடி வந்த குரு அவள்தான், அவருடைய மகள் வயதுதான் இருக்கும். மலையேறி வந்த இளைப்பில் டாக்டருக்கு அது உறைக்கவே இல்லை.

"உள்ளே யார் யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அப்பா இருக்கார். எதைச் செஞ்சாலும் நொட்டை சொல்லுவார். கூடப் படிச்ச ஒருத்தன் இருக்கான், சும்மா சிரிச்சுக்கிட்டே இருப்பான். அவங்களைக்கூடப் பொறுத்துக்கிடலாம்."

"பிறகு?"

"என் வீட்டுக்காரி. உலகம்மாள். போன வருஷம் போயிட்டா. ஆனா நான் நனைஞ்சா உடனே குரல் கேக்குது. 'ஏங்க, தலையைத் துவட்டுங்க, நெஞ்சுல சளி கட்டிரும்.' திரும்பிப் பாக்குதேன். யாரும் இல்லை. தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்குதேன்."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மந்திரம் இருக்காமே. சொன்னா உள்ளே எல்லாம் துடைச்ச மாதிரி ஆயிருமாமே."

"இருக்கு."

"தருவீங்களா?"

"மழை விடட்டும்."

மழை விடுகிற மழையாக இல்லை. மேகம் குடிசைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. காலை எது, மாலை எது என்று தெரியவில்லை. டாக்டர் தூங்குவார், விழிப்பார், தூங்கிக்கொண்டே விழித்திருப்பார். எங்கேயோ தவளைகள் கத்தும். தான்தான் கத்துகிறோமோ என்றுகூட அவருக்குத் தோன்றும்.

ஒருநாள் கத்தல் குறைந்திருந்தது.

வெயிலுகந்தாள் உள்ளங்கையில் ஒரு தவளையோடு வந்தாள். கட்டைவிரல் அளவு. வெற்றிலைப் பச்சை.

"ஓடையில ஒரு நோய் வந்திருக்கு. தோல் உரிஞ்சு சாகுதுங்க. இது இன்னும் நல்லாத்தான் இருக்கு. நீங்க டாக்டர். இதை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

அறுவை சிகிச்சைக்குப் பேர்போனவர். முழங்கை வரை சோப்புப் போட்டே வாழ்ந்த மனிதர். சும்மா விடுவாரா?

தண்ணீரைக் கொதிக்க வைத்தார். ஆற வைத்தார். கண்ணாடிச் சாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். பையிலிருந்து மருந்தை எடுத்து ஒரு சொட்டுக் கலந்தார். தவளையின் மேலிருந்த கொழகொழப்பைப் பஞ்சால் நோகாமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். தினமும் அதே வேலை.

சுத்தமான சாடி, சுத்தமான தண்ணீர், தன்னந்தனியாக ஒரு தவளை. அவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மனசும் இப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஏங்கினார்.

பிறகு ஒருநாள் அதன் முதுகில் தோல் சுருண்டது. கால்கள் அகன்று கிடந்தன. தொட்டால் நகரவில்லை.

கொட்டுகிற மழையில், ஓடைக்கரையில் நின்ற வெயிலுகந்தாளிடம் சாடியோடு ஓடினார்.

'ஏங்க, தலையை...'

"சும்மா இரு," என்று வாய்விட்டே சொன்னார்.

வெயிலுகந்தாள் சாடிக்குள் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"இதை என்ன செஞ்சீங்க?"

"கழுவினேன். ஒரு கிருமி ஒட்டவிடலை."

அவள் சாடியை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவரும் பின்னால் போனார். ஓடைக்கு மேலே ஒரு பாறையிடுக்கு. உள்ளே அழுகிய இலை, சேறு. அதில் தவளைமேல் தவளையாகக் குவிந்து கிடந்தன. ஒன்றின் கால் இன்னொன்றின் கண்ணில்.

"கையை விடுங்க," என்றாள்.

அருவருப்பாகத்தான் இருந்தது. விட்டார். வழுவழுவென்று புரண்டன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. ஒன்றுக்கும் தோல் உரியவில்லை. விரலிடுக்கில் அந்தக் கொழகொழப்பு நூலாக இழுத்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, இதுலயும் கிருமிதான் இருக்கு," என்றார் மெல்ல. "கோடிக்கணக்குல இருக்கும். இதுங்களோட தோல்லயே குடியிருக்குற கிருமி. அந்த நோயை அண்டவிடாமப் பாத்துக்கிட்டதே அதுங்கதான் போல."

"நீங்க கழுவினது?"

"அதைத்தான்."

அவள் சாடியிலிருந்த தவளையை எடுத்து அந்தக் குவியலின் நடுவே வைத்தாள். மற்றவை அதன்மேல் ஏறின, மிதித்தன, கொழகொழப்பைப் பூசின. அதன் முகம் சேற்றில் மறைந்தது.

டாக்டர் தினமும் அங்கே போய் உட்கார்ந்தார். பிழைத்துவிடு, பிழைத்துவிடு என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. முதலில் அதை உரிந்த முதுகை வைத்து அடையாளம் கண்டார். அப்புறம் அசையாமல் இருப்பதை வைத்து. பின்னொரு நாள் எவ்வளவு தேடியும், எது தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. எல்லாமே வெற்றிலைப் பச்சையாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான்.

மழை விட்டது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. பாறையிடுக்கிலிருந்து அவர் திரும்பியபோது தலை நனைந்திருந்தது.

வெயிலுகந்தாள் வாசலில் பாய் விரித்து வைத்திருந்தாள்.

"உட்காருங்க டாக்டர். மந்திரம் சொல்லுதேன். ஒரு வாட்டி கேட்டாப் போதும், உள்ளே ஒரு குரல் மிஞ்சாது."

உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

'ஏங்க, தலையைத் துவட்டுங்க, நெஞ்சுல சளி கட்டிரும்.'

டாக்டர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கம்மா."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.