வாத்துகள் சொன்ன சாட்சி

"என் வாத்துக்குத் துரோகம் பண்ணினவன் இந்த மதிலுக்குள்ளதான் இருக்கான்! பேர் தெரியலை. தெரியட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு!"

அரண்மனைத் தோட்டத்தில் இரண்டு காவலர் கையைப் பிடித்திருக்க, இப்படிக் கத்தியவள் வாத்துக்காரி பூவாயி. அவள் குரல் கொடுத்தால் மூன்று வயல் தள்ளி மேயும் வாத்தே தலையைத் தூக்கும். ராஜா தூக்காமல் இருப்பாரா?

அந்த நாளில் மருதூரணி நாட்டை இளவேல பூபதி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் சாயங்காலத்துக்குள் நிறைவேறியாக வேண்டும். போன மாதம் மயில் ஆசை. மாளிகை மேற்பார்வையாளர் மகுடபதி தூர தேசத்திலிருந்து வரவழைத்த மயில்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். இந்த மாதம் ராஜாவின் தேருக்குக் குறுக்கே பூவாயியின் வாத்துக்கூட்டம் சாலையைக் கடந்தது.

"ராஜா தேரா இருந்தா என்ன? நடுவுல புகுந்தா கூட்டம் கலைஞ்சுபோகும். நில்லுங்க!" என்று கோலை நீட்டி மறித்தாள்.

முந்நூறு வாத்தும் ஆடி அசைந்து கடந்து முடிக்கும்வரை தேர் நின்றது. ராஜாவுக்குக் கோபம் வரவில்லை, ஆசை வந்தது.

"எனக்கு இருபது வாத்து வேண்டும். அவை கூடு கட்டி முட்டையிடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்."

"தர்றேன் மகாராஜா. ஆனா ஒண்ணைக்கூடக் கறிக்கு அறுக்க மாட்டேன்னு வாக்குக் கொடுங்க. அப்பத்தான் கூடையில ஏத்துவேன்."

ராஜாவிடமே பேரம்! ராஜா சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார். குளக்கரையில் வைக்கோல் பரப்பிய புதுக் கொட்டில் எழும்பியது. மயில்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. மகுடபதிக்கு வயிறு எரிந்தது.

பத்து நாள் ஆயிற்று. வெயில் வந்ததும் ராஜா ஓடிப்போய்க் கொட்டிலுக்குள் எட்டிப்பார்ப்பார். வைக்கோல் கலைந்து கிடக்கும். முட்டை மட்டும் இருக்காது.

பதினோராம் நாள் மகுடபதி பூவாயியைப் பிடித்துவரச் சொல்லி, சபையார் பார்த்திருக்க ராஜாவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"மலட்டு வாத்துகளைத் தள்ளிவிட்டு மகாராஜாவையே ஏமாற்றியிருக்கிறாள். இவளுடைய மீதி வாத்துகளைச் சமையல்கட்டுக்கு அனுப்பி, இவளை எல்லை தாண்டி விரட்ட வேண்டும்!"

அதைக் கேட்டுத்தான் பூவாயி அந்தக் கத்துக் கத்தினாள். கத்தமாட்டாளா? இரண்டே இரண்டு வாத்து முட்டையை இரவல் கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கவிட்டு, சேற்றிலும் மழையிலும் அலைந்து, முந்நூறாகப் பெருக்கியவள் அவள். அவள் சொத்தும் மானமும் அந்த வாத்துகள்தான்.

மகுடபதி அங்கவஸ்திரத்தை வீசிக்கொண்டு கொட்டிலைக் கடந்தார். உள்ளே இருபது கழுத்தும் ஒரே நேரத்தில் நீண்டன. அத்தனையும் சேர்ந்து 'கேக் கேக்' என்று ஒரு கூப்பாடு.

பூவாயி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளை வாத்து இப்படிக் கூப்பிடாதே!

"மகாராஜா," என்றாள், பேரம் பேசும் குரலில். "ஒரே ஒரு ராத்திரி கொடுங்க. பொழுது சாயும்போது கொட்டில் கதவுல உங்க முத்திரையை வையுங்க. வெயில் ஏறுறவரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. முட்டை இல்லேன்னா நானே மீதி வாத்து அத்தனையையும் ஓட்டிட்டு வந்து கொடுக்கிறேன்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே ராஜா, பூவாயி பக்கத்தில் நிற்க, முத்திரை வைத்த கொட்டிலின் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துக் குந்திவிட்டார். உள்ளே ஒரு வாத்து வைக்கோலை நெஞ்சால் அழுத்தி, சுற்றிச் சுற்றி வந்து குழி பறித்தது. எட்டின துரும்பையெல்லாம் அலகால் இழுத்துத் தன்னைச் சுற்றி அடுக்கியது. பிறகு அசையாமல் உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து எழுந்தது. ஈரம் மின்ன ஒரு வெள்ளை முட்டை! வாத்து அதன்மேல் வைக்கோலை இழுத்து மூடிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நடந்து போயிற்று.

"பூவாயி! மூடி வைக்கிறது, பார்! மூடி வைக்கிறது!" ராஜா சின்னப் பிள்ளைபோலக் கிசுகிசுத்தார்.

"என் வாத்து மகாராஜா," என்றாள் பூவாயி, தலையை நிமிர்த்தி.

வெயில் ஏறியபோது பதினெட்டு முட்டை. சபை மறுபடியும் கூடிவிட்டது. மகுடபதி மட்டும் விடவில்லை.

"இது இன்றைக்கு. பத்து நாளாக எங்கே போயிற்று?"

"குளத்துக்குள்ள இருக்குதுங்க ஐயா. வாத்து விடியற நேரத்துலதான் முட்டை வைக்கும். அதுக்கு முன்னால திறந்துவிட்டா தண்ணியிலேயே போட்டுரும். எந்த வாத்துக்காரனும் இருட்டுல கதவைத் திறக்கமாட்டான். இங்க யாரோ திறந்திருக்காங்க."

"யார் திறந்தது?" ராஜா உறுமினார்.

"நேற்றைக்கு முன்னால் நான் இந்தப் பக்கமே வந்ததில்லை," என்று மகுடபதி மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாத்து நாற்றம் எனக்கு ஆகாது."

"அப்படின்னா எல்லாரும் வரிசையா நில்லுங்க. திறந்த கையை வாத்துக்குத் தெரியும்."

மந்திரி, சேனாதிபதி, பண்டிதர் என்று எல்லாரும் நின்றார்கள். பூவாயி கதவைத் திறந்தாள். பசியோடிருந்த இருபது வாத்தும் மந்திரியைக் கடந்தன, சேனாதிபதியைக் கடந்தன. நேரே மகுடபதியிடம் போய் அவருடைய அங்கவஸ்திர முடிச்சைப் பிடித்து இழுத்தன. அவர் ஓடினார். இருபதும் பின்னால் வரிசையாக ஓடின. முடிச்சு அவிழ்ந்து ஒரு பிடி நெல் சிதறியது.

"ஓ! தினமும் இருட்டில் நெல்லைக் காட்டித்தான் குளத்துக்கு அழைத்துப்போய், மறுபடி கொண்டுவந்து அடைத்தீரா?" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இறங்கும் குளத்தில்!"

பட்டு வேட்டியோடு இடுப்பளவு சேற்றில் நின்று, காலால் துழாவித் துழாவி மகுடபதி எடுத்துக் கொடுத்த முட்டைகள் ஐந்து கூடை.

"பூவாயி, இனி அரண்மனை வாத்துகளுக்கு நீதான் அதிகாரி. மயில்களும் உன் பொறுப்பு. வேறென்ன வேண்டும், கேள்!"

பூவாயி குளக்கரைக்கு நடந்து மகுடபதிக்கு எதிரே நின்றாள். வாத்துகள் அவளைச் சுற்றி நின்றன.

"சபைக்கு நடுவுல என் வாத்தை மலடுன்னு சொன்னீங்களே ஐயா! அதே சபை இங்கேதான் நிக்குது. சேத்துல நின்னது போதாது. பொய் சொன்னேன்னு இதுங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுக் கரை ஏறுங்க. எங்க, சொல்லுங்க!"