பழைய டிரைவர் எடுத்துவராதது

மலையடிவார ஊர் ஒன்றின் மருத்துவமனையில் தரவுத்தளத்தைப் பராமரித்தவர் மரகதவல்லி. அவரிடம் ஆறு ஆண்டுகளாகத் தொழில் கற்றவர் இருதயராஜ். வயதில் ஆசிரியைக்கு மூத்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை இருதயராஜ் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். வார்டுக் கணினிகளுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று தகவலை எடுத்துவந்து கொடுக்கும் டிரைவர் மென்பொருளை மட்டும் மாற்றவில்லை. அது பன்னிரண்டு ஆண்டுப் பழையது.

விடுப்பு முடிந்து ஆசிரியை திங்கட்கிழமை வந்தார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"டிரைவரை ஏன் விட்டுட்டீங்க?"

"மாத்தணும்னா எல்லா வார்டையும் ரெண்டு மணி நேரம் நிறுத்தணும், மேடம். பழசே நல்லா இணையுது. ஒரு பிழைச்செய்திகூட வரலை. இணைஞ்சா போதாதா?"

"புதுப் பதிப்புல எந்தக் கட்டத்தையாவது மாத்தினீங்களா?"

"ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும். இடம் பத்தலைன்னு டாக்டருங்க கேட்டாங்க, நீளமாக்கினேன்."

மரகதவல்லி எழுந்தார். இருதயராஜையும் அழைத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்குப் போய், தமக்கு முதுகுவலி என்றார். பணிக்குப் புதிதாய் வந்த மருத்துவர் திரையைப் பார்த்து ஓர் ஊசி எழுதினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்த மருந்தின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மற்றவை எவர் சொன்னாலும் மாறுவதில்லை.

செவிலியர் செல்லக்கனி மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"கம்ப்யூட்டர்காரங்க ஊசியைக் கண்டாலே ஓடுவீங்களே! இன்னைக்கு என்ன இவ்வளவு தைரியம்?"

ஆசிரியை தோளைக் காட்டினார்.

இருதயராஜ் செல்லக்கனியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"போடாதீங்க சிஸ்டர்! இந்த மருந்து இவங்களுக்கு ஆகாது. போன வருஷம் மூச்சு நின்னுபோய் நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

"கையை விடுங்க சார். ஒவ்வாமைன்னு ஒண்ணுமே போடலையே. நீங்களே பாருங்க."

திரையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

இருதயராஜ் தரவுத்தளத்தை நேரே திறந்து பார்த்தார். குறிப்பு அங்கே ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. நீண்ட கட்டத்தைப் பழைய டிரைவருக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரியாததை அது வெறுமையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. அடுத்தடுத்து நாலைந்து நோயாளிகளின் பக்கங்களைத் திறந்தார். எல்லாவற்றிலும் அதே வெறுமை.

இதற்குள் ஆசிரியை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, எல்லா வார்டிலும் மருந்தை நிறுத்தச் செய்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தானா, மேடம்?"

"ஆமா."

"நான் இணையுதான்னு மட்டும்தான் பார்த்தேன்."

ஆசிரியை வெள்ளிக்கிழமை முதலான மருந்துப் பட்டியலை அவரிடம் நீட்டினார்.

"மூணு நாளா மருந்து வாங்கின ஒவ்வொருத்தரையும் போய்ப் பார்க்கிறேன். எந்த வார்டிலிருந்து தொடங்கட்டும்?"

"வார்டுல இருக்கிறவங்களை சிஸ்டர் பார்த்துக்குவாங்க. நீங்க, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இறந்தவங்க வீட்டிலிருந்து தொடங்குங்க."