கோணல் ஏழு

“டீச்சர், அந்த ஏழு கோணலா இருக்குங்க.”

“ஆமாங்க சார்.”

“நான் சரி பண்ணித் தரட்டுங்களா?”

பிலோமினா டீச்சர் தலை நிமிரவில்லை. “உங்க கார்ச் சக்கரத்தைப் பாருங்க. ஒரு கம்பி தளர்ந்திருக்கு” என்றார்.

சென்னியப்பன் பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது.

அவர் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்ப்பிலிருந்து வந்த பாகத்தின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினால் போதும். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். விரல் நின்றால் ரிஜெக்ட். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். ஓய்வு பெற்றது அவர்தான், விரல் இல்லை.

பிலோமினா டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, அதே ஊரின் ராமநாதபுரம் பகுதியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பழைய பந்தயக் கார்களின் மாதிரிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்தார்கள்.

பெட்டியைப் பிரித்துப் பாகங்களை ஒட்டி முடிக்கிற வேலை இல்லை அது. நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்க வேண்டும். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்க வேண்டும், எஞ்சினில் ஒயர் இருக்க வேண்டும், ஒயர் மேல் எண்ணெய்க் கறை இருக்க வேண்டும்.

சென்னியப்பன் கட்டிய சிவப்புக் காரில் எல்லாம் இருந்தது.

“குறை சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் காரை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார்.

“குறை ஒண்ணும் இல்லைங்க.”

“அப்புறம் ஏனுங்க, எடுத்ததும் கீழ வெச்சுட்டீங்க?”

“பாத்து முடிஞ்சிருச்சு.”

அந்தப் பதில் அவருக்கு வீடுவரைக்கும் உறுத்திற்று.

ஏனென்றால் அலமாரியின் நடுத்தட்டில் டீச்சர் கட்டிய நீலக் கார் ஒன்று இருந்தது. நீண்ட மூக்கு, ஒற்றை இருக்கை, பக்கவாட்டில் புகைக்குழாய், பானெட்டை இழுத்துக் கட்டிய தோல் வார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். நின்றவர்கள் லேசில் நகரவில்லை.

அதன் வாலில் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் கறுப்பில் ஒரு ஏழு.

ஏழின் மேல்கோடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. கால் நடுவில் வீங்கியிருந்தது. அடியில் மை கசிந்து ஒரு பொட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதைவிட நன்றாக எழுதும்.

“கோணலா இருக்கறதாலதான் எல்லாரும் பாக்கறாங்க டீச்சர். ஓட்டைப் பல்லுக்காரன் சிரிச்சா யாரும்தான் பாப்பாங்க.”

டீச்சர் சிரித்தார்.

சென்னியப்பன் சிவப்புக் காரைப் பிரித்து மறுபடி கட்டினார். இருக்கைக்குப் பழைய கையுறையின் தோலைச் சீவி ஒட்டினார். பிரேக் மிதியில் செருப்புத் தேய்ந்த தடம் வைத்தார். டீச்சர் பார்த்தார். பார்த்து முடிந்தது.

மழைக்காலத்தில் நாகர்கோவிலில் டீச்சரின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. டீச்சர் புறப்பட வேண்டியதாயிற்று. மாடியறைச் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

“பெயிண்டு காயணும். அப்பப்ப வந்து ஜன்னலைத் தெறந்து வைங்க சார்.”

அத்தனை பேரில் தன்னிடம் கொடுத்தாரே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் இரண்டு முறை ஜன்னலை மட்டும்தான் திறந்தார். மூன்றாம் முறை நீலக் காரைக் கீழே இறக்கினார்.

வேண்டாம் என்று டீச்சர் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பஞ்சைத் தின்னரில் தொட்டுத் தொட்டு ஏழை எடுத்தார். அடியில் இருந்த வெள்ளைக்கு ஒரு நகக்கண் அளவும் சேதமில்லை. டேப் ஒட்டி அளந்து வெட்டினார். கறுப்பை மூச்சுக்காற்றுப் போல மெல்லியதாக, காயவிட்டுக் காயவிட்டு ஸ்ப்ரேயால் ஊதினார். டேப்பை உரித்தபோது அவருக்கே கண் கலங்கிற்று. வாழ்நாளில் அவர் கை செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தம்.

குருதட்சணை என்று மனசுக்குள் அதற்கு ஒரு பேரும் வைத்துக்கொண்டார்.

டீச்சர் ஊரிலிருந்து வந்த அன்று காலையிலேயே போய் நின்றார். டீச்சராகப் பார்க்கட்டும் என்று இருந்தார்.

டீச்சர் பையை வைத்தார். தண்ணீர் குடித்தார். அலமாரிப் பக்கம் திரும்பினார்.

வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா வந்திருக்குங்க சார்.”

டீச்சர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார், புதுமாப்பிள்ளை மாதிரி.

“அழிச்ச பஞ்சு எங்கீங்க?”

“குப்பையில போட்டுட்டேனுங்க.”

டீச்சர் குப்பைக்கூடையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சென்னியப்பன்தான் சுத்தம் செய்திருந்தார்.

“சரிங்க” என்றார் டீச்சர்.

அடுத்த தடவை சென்னியப்பன் போனபோது மேஜைமேல் நீலக் கார் இருந்தது. வட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் வரைந்த ஏழு இல்லை.

டீச்சர் ஒரு தூரிகையை நீட்டினார். “பழைய ஏழு வேணுங்க சார்.”

சென்னியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தார். பழைய ஏழு அவருக்கு மனப்பாடம். ஒரு வருஷத்துக்குமேல் அதைப் பல்வலி மாதிரி சுமந்தவர் அவர். எவ்வளவு சரிவு, எங்கே வீக்கம், எங்கே பொட்டு, எல்லாம் தெரியும். வட்டத்தில் எழுதிக் காட்டினார். அச்சு அசல் அதேதான்.

டீச்சர் பார்த்தார்.

“இது நீங்க பாத்துப் பாத்துப் போட்ட கோணல்.”

துடைத்துவிட்டுத் தூரிகையைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இடது கையால் எழுதினார்.

“இது இடது கை.”

அதற்கடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்.

“இது கண்ணை மூடிட்டு.”

காலையில் காப்பி குடிக்காமல் கை நடுங்க வந்து எழுதினார். பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து மூச்சிரைக்க எழுதினார். வந்துபோகிறவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே கிறுக்கிவிட்டுப் போனார்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் துடைத்தார்.

ஒருநாள் சென்னியப்பன் தூரிகையை மேஜையில் எறிந்துவிட்டார்.

“என்னைத் திட்டோணும்னா நேரா திட்டிப்போடுங்க டீச்சர். கோணல்தானே வேணும்? கோணல்ல என்னங்க ஒசத்தி தாழ்த்தி?”

டீச்சர் உருண்ட தூரிகையைப் பிடித்து நிறுத்தினார்.

“அவர் நேரா வரணும்னுதான் சார் எழுதினார்.”

சென்னியப்பன் அப்போதுதான் கேட்டார். இத்தனை நாளில் கேட்கத் தோன்றாத கேள்வி.

“யாருங்க?”

“என் வீட்டுக்காரர்.”

டீச்சர் தூரிகையைத் தின்னரில் அலசிக்கொண்டே சொன்னார். அவர் பேர் ஜெயசீலன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மாடியறைக்கு வந்ததில்லை. டீச்சர் கூப்பிட்டதும் இல்லை. பசங்க இல்லை. டீச்சர் மேலே இருப்பார், அவர் கீழே இருப்பார். சாப்பாட்டுக்கு மட்டும் சந்திப்பார்கள்.

“ஒரு ஞாயித்துக்கிழமை அவராவே மேல வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். எனக்கும் ஏதாவது வேலை குடுன்னு கேட்டார். இந்த வட்டத்தைக் காட்டி, ஒரு நம்பர் எழுதுங்கன்னேன்.”

“ம்.”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதினார். நாக்கைக் கடிச்சுக்கிட்டு. எழுதி முடிச்சு என் முகத்தைப் பாத்தார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. ஸ்கேலை எடுத்து அது மேல வெச்சுப் பாத்தேன்.”

கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

“அவர் ஸ்கேலைப் பாத்தார். தூரிகையைக் கழுவி, தொடைச்சு, எடுத்த எடத்துலயே வெச்சார். படி எறங்கிப் போனார். அப்புறம் வரலை. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டை விட்டும் போயிட்டார். திண்டுக்கல்ல இருக்கார். வேற குடும்பம். ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னாங்க.”

“அன்னிக்கே அதை ஏன் அழிக்கலீங்க?”

“அழிக்கத்தான் ஸ்கேலை வெச்சேன். அவர் எறங்கின சத்தம் கேட்டுது. கை போகலை.”

சென்னியப்பன் வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார். எதைச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

“அவரை வரச்சொல்லி ஒருக்கா…”

“இப்ப அவருக்கு நல்லா எழுத வந்திருக்கும் சார். பொண்ணுக்கு ஸ்கூல் சார்ட்டெல்லாம் எழுதிக் குடுத்திருப்பார்.”

டீச்சர் நீலக் காரை இரண்டு கையாலும் தூக்கி அலமாரியில் வைத்தார். வட்டம் காலியாகவே இருந்தது.

“போயிட்டு வாங்க சார். இனிமே வர வேண்டாம்.”

“டீச்சர்…”

“கோபமில்லைங்க. உங்களுக்கு நான் சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்லை. நீங்க செய்யற தப்பை நான் உங்களுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிட்டேன்.”

சென்னியப்பன் தன் சிவப்புக் காரைப் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனார்.

வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது. கடையில் வாங்கியது. புள்ளி ஒன்றுகூடப் பிசகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்முன் நின்றார். அவர் மனைவி சாரதாமணி, கல்யாணமான புதிதில் மாவில் பெரிய பெரிய கோலமாகப் போடுவாள். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி தள்ளியிருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஸ்டிக்கர் எப்போது வந்தது என்று யோசித்தார். நினைவில்லை.

சாரதாமணி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் காலடிச் சத்தம் கேட்டதும், பக்கத்தில் கலைந்து கிடந்த செய்தித்தாளை எடுத்து ஓரம் ஒட்ட மடித்து வைத்தாள். அவர் பக்கம் திரும்பாமலேதான் செய்தாள்.

“என்னுங்க, இன்னைக்கு நேரமே வந்துட்டீங்க?”

அவர் பெட்டியைத் திறந்து சிவப்புக் காரை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார். வாலில் இருந்த வெள்ளை வட்டத்தில் அவர் இன்னும் எண் எழுதியிருக்கவில்லை. கறுப்பு மைக் குப்பியைத் திறந்தார். தூரிகையை எடுத்து நீட்டினார்.

“இதுல ஒரு நம்பர் எழுது.”

“நானுங்களா? எதுக்குங்க?”

“சும்மாதான். உனக்குப் பிடிச்ச நம்பர்.”

சாரதாமணி அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் தூரிகையை வாங்கினாள். மையில் தொட்டாள். வட்டத்தின் அருகே கொண்டுபோனாள்.

தூரிகை அந்தரத்திலேயே நின்றது. அவள் வட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி வந்தாலும் சரி. எழுது” என்றார் அவர்.

அவள் மை சொட்டாமல் குப்பியின் விளிம்பில் தூரிகையை வழித்துவிட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்க பென்சில்ல மொதல்ல போட்டுக் குடுத்துருங்க. நான் அது மேலயே எழுதிடறேன்.”