மிஞ்சிய பச்சைக் கல்

இதைச் சொல்கிறவனுக்கே இந்தக் கதையில் பல வருடங்களாக நம்பிக்கை இல்லை. கார்மேகம் தன் வாயால் சொன்னதுதான். ஆனால் அவர் சொன்ன மடம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். அந்த மடத்துச் சின்னச் சாமி எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தவிர, தன் கதையில் தனக்கென்று ஒரு நல்ல இடம்கூட வைத்துக்கொள்ளாத மனிதரை நம்புவது அவ்வளவு சுலபமில்லை. அவர் சொன்னபடியே இது.

கார்மேகம் மின்வாரியத்தில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூல் பிடித்த மாதிரி இல்லாத எதுவும் அவர் கண்ணை உறுத்தும்.

அவர் மனைவி பூரணத்துக்கு மூன்று வருடங்களாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு தெருவின் பெயர். பிறகு ஓசூரில் இருக்கும் மகளின் பெயர். அவரை மட்டும் மறக்கவில்லை. வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் "என்னங்க" என்று கூப்பிடுவாள். "இந்தா இருக்கேன்" என்பார். அந்தக் குரல் நின்றுபோகும் நாள் ஒன்று வருமோ என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம்.

ஒருநாள் பின்கட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மகள் போனில் அழுதாள்.

"அப்பா, அந்தப் பழைய டைல்ஸை எடுத்துருங்க. வழுக்காத கல்லாப் போடுங்க."

வீட்டில் குளியலறை இரண்டு. படுக்கையறையை ஒட்டி ஒன்று, பின்கட்டில் ஒன்று. கார்மேகம் இரண்டையும் இடித்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், எதில் நுழைந்தாலும் அவளுக்குக் குழப்பம் வராது என்பது அவர் எண்ணம்.

சுவருக்கு ஒரே தந்த நிறம். தரைக்கு ஒரே சொரசொரப்பான சாம்பல் கல். குழாய் இரண்டிலும் வலது கைப் பக்கம். கைப்பிடிக் கம்பி, துண்டு மாட்டும் கொக்கி, வாளி, கப் எல்லாமே ஜோடி ஜோடியாக வந்து இறங்கின. இரண்டாவது அறைக்கு வந்த பெட்டிகளில் மட்டும் பேட்ச் நம்பர் மாறியிருந்தது. அதே பெயர், அதே கம்பெனிக் கல், ஆனால் ஒரு பொட்டு வெளுப்பு. சுவர் முழுக்க ஒட்டிய பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. பெயர்க்கச் சொன்னார்.

சுவர் வேலை செய்துகொண்டிருந்த இருதயராஜ் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சார், நான் டைல்ஸ் ஒட்டுறவன். நீங்க என்னைய இரட்டைப் பிள்ளை பெத்துத் தரச் சொல்றீங்க."

"பெத்துக் குடு."

"இந்த வித்தியாசம் உங்க கண்ணுக்குத்தான் தெரியுது. அம்மாவுக்கா தெரியப்போகுது?"

"தெரிஞ்சிறக் கூடாதுன்னுதான்யா சொல்றேன்."

நான்கு மாதம் ஆயிற்று. வேலை முடிந்த அன்று அவர் இங்கும் அங்கும் நடந்து நடந்து பார்த்தார். ஒரு நூல் பிசகில்லை.

மறுநாள் காலை பூரணம் படுக்கையறைக் குளியலறைக்குப் போய்விட்டு வெளியே வந்தாள். கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். திரும்பி வந்து முதல் கதவைத் திறந்தாள். மறுபடி பின்கட்டு. பிறகு கூடத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"என்னங்க, என்னைய வெளிய விடமாட்டேங்குறாங்க."

"வெளியதான இருக்க, பூரணம்."

"எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளயே இருக்கேன்."

அதற்குப் பிறகு அவள் இரண்டிலும் நுழையவில்லை. கையைப் பிடித்து அழைத்தால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு அலறினாள். கார்மேகம் கொல்லையில் நாலு பக்கமும் சேலையைக் கட்டி மறைத்து அவளைக் குளிப்பாட்டினார்.

நான்குவழிச் சாலையில் டைல்ஸ் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த மடம். பெரிய சாமி காலத்திலிருந்தே கார்மேகம் அங்கே போய்வருகிறவர். பெரிய சாமி அடங்கிய பிறகு சின்னச் சாமி. கார்மேகத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் அவர் முன்னால் கார்மேகம் தரையில்தான் உட்காருவார்.

"ரெண்டையும் ஒண்ணு போலச் செஞ்சேன், சாமி. எங்க தப்பினேன்?"

"பழசு எப்படி இருந்தது?"

"அதை ஏன் கேக்குறீங்க? படுக்கையறையில ஊதா. பின்கட்டுல பச்சை, நடுவுல வெள்ளைப் பூ. வீடு கட்டும்போது அவ எடுத்தது. ஒண்ணுக்கொண்ணு சேரவே சேராது."

"அவங்களுக்கு?"

கார்மேகம் தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் சின்னச் சாமி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் மிஞ்சிய டைல்ஸை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. மடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மடத்துச் சுவர்களில் ஒட்டியிருந்ததெல்லாம் அப்படி வந்த கல்தான். இரண்டு வரிசை ஒருவர் வீடு, மூன்று வரிசை இன்னொருவர் வீடு. பெண்கள் பக்கத்துக் குளியலறைக்குள் கார்மேகம் போனதில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தானும் ஒரு பெட்டி இறக்கியதை அவர் மறந்தே போயிருந்தார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள்.

"அம்மா, பின்னால போய்க் கால் கழுவிட்டு வாங்க" என்றார் சாமி.

பூரணம் போனாள். கார்மேகம் அலறலுக்காகக் காத்திருந்தார். சத்தமே இல்லை. கால் மணி நேரம் ஆகியும் அவள் வரவில்லை. பயந்து எழுந்து போய், திறந்திருந்த கதவு வழியே பார்த்தார்.

அவள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்தில் இரண்டு வரிசைப் பச்சைக் கல், நடுவில் வெள்ளைப் பூ. முந்தானையை நனைத்துப் பூப்பூவாகத் தேய்த்தாள். வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் தேய்ப்பாளே, அதே கை, அதே வேகம்.

"பூரணம்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

"யாருங்க நீங்க? பொம்பளை இருக்கிற இடத்துல."

"நான்தான் பூரணம்."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுறதென்ன பழக்கம்? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். வெளிய போய் நில்லுங்க."

கார்மேகம் எப்படித் திரும்பி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து இலையில் வைத்த பொங்கலைச் சாப்பிட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"சாமி, அந்தப் பச்சைக் கல்லைப் பெயர்த்துக்கிறேன். வீட்டுல கொண்டுபோய் ஒட்டினா எல்லாம் சரியாயிரும். வீட்டையும் தெரியும். என்னையும் தெரியும்."

சின்னச் சாமி உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

இருபத்தெட்டு வருடம் சிமெண்டில் ஊறிய கல் அது. முதல் கல் நாலாக உடைந்தது. இரண்டாவது பூவோடு சில்லுச் சில்லாகக் கொட்டியது. மூன்றாவதை ஓரத்திலிருந்து மெல்லத் தட்டினார். அதுவும் தேறவில்லை. அவருக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு கல், ஒரே ஒரு கல் முழுசாக வந்தால் போதும் என்று அடித்தார். பதினாறில் பன்னிரண்டு போயிற்று.

குளியலறை வாசலில் பூரணம் நின்றாள்.

"ஐயோ, வீட்டை இடிக்கிறானே! யாராவது வாங்களேன்!"

கார்மேகம் சுத்தியலோடு திரும்பினார். அவள் அங்கிருந்து சாலைப் பக்கம் ஓடினாள். மடத்துக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க... என்னங்க..."

"இந்தா இருக்கேன்" என்றார் கார்மேகம். அவள் திரும்பவில்லை.

சின்னச் சாமி அருகில் வந்து நின்றார். சிமெண்டுத் தூசி அவர் காவியிலும் படிந்திருந்தது.

"உடையும்னு உங்களுக்குத் தெரியும். ஏன் சாமி சுத்தியலைக் குடுத்தீங்க?"

"கேட்டீங்க."

"இந்தப் பச்சைக் கல்லு அவ கண்ணுல படும்னும் தெரியும். ஏன் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"அவங்களுக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு மிச்சமிருந்தது."

கார்மேகம் தரையில் உட்கார்ந்து உடைந்த பூக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். எதுவும் எதோடும் பொருந்தவில்லை.

"இனி நான் என்ன செய்ய, சாமி?"

கேட்டின் அருகில் அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னச் சாமி அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அந்தம்மா வீட்டுக்காரர் வர்ற வரைக்கும், அவங்க சொன்னபடி வெளியவே நில்லுங்க."

கார்மேகம் எப்போதும் கதையை இதோடு நிறுத்திவிடுவார். பூரணம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் வீட்டில் அந்த இரண்டு குளியலறைகளும் இன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மடம் கிடையாது, பச்சைக் கல் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை நாள் நம்பாமலிருந்து, இப்போது இதைச் சொல்கிறவன் போன மாதம்தான், அந்த வீட்டுக் கூடத்தில் அவர் எதிரே உட்கார்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அந்தம்மா வீட்டுக்காரர் வந்தாரா?"