கொம்பையா தீவுவாசியான கதை

ஆலங்கிணறு கிராமத்தில் கொம்பையா, சுடலைமணி, இசக்கிமுத்து என்று மூன்று கூட்டாளிகள். மூவருக்கும் பொதுவாக ஒரு மூளை இருந்தது. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

கொம்பையா கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன். தன் கல்யாணத்துக்குத்தான் வழியில்லை. "வெளிநாட்டு மாப்பிள்ளைக்குத்தான் எம் பொண்ணு" என்று அவன் ஆசைப்பட்ட பூமயிலின் அப்பா ஆவுடையப்பன் ஒற்றைக்காலில் நின்றார். அவளை நினைத்து நினைத்துப் பாதி இளைத்துவிட்டான், பாவம். அப்போதுதான், லேப்டாப்போடு வருகிறவர்கள் தங்கி வேலை பார்க்கலாம் என்று ஒரு தீவு நாடு அறிவித்தது. ஒரு பரீட்சை, ஒரு நேர்காணல். தேறினால் அனுமதி.

கொம்பையா விண்ணப்பித்தான். விசா ஏஜெண்ட் போனில் சொன்னார்: "எங்க இருந்தும் வேலை பார்க்கப் பழகிக்கோங்க. நேர்காணல்ல உங்களுக்குப் பின்னாடி எதுவும் தெரியக்கூடாது."

"எங்க இருந்தும்னா பனைமரமும் சேருமாடே?" என்றான் இசக்கிமுத்து.

"சேரும். மரம் உலகத்துலதானடே நிக்கி" என்றான் சுடலைமணி.

கொம்பையா பனை உச்சியிலிருந்தே பரீட்சை எழுதினான். முடித்துவிட்டுத்தான் விழுந்தான். லேப்டாப் அவனுக்கு முன்பே தரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் தேறிவிட்டான். நேர்காணலுக்கு இசக்கிமுத்து தன் தங்கச்சியின் லேப்டாப்பைத் தூக்கி வந்தான்.

கொம்பையாவை அவன் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

"பின்னாடி சுவர் தெரியுதே?"

"தெரியக்கூடாதே!"

கடப்பாரை கொண்டுவந்து சுவரை இடித்தார்கள். எருமை தெரிந்தது. எருமையை ஓட்டினார்கள். வானம் தெரிந்தது. மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் கொம்பையாவின் முகத்தை கேமராவோடு ஒட்டவைத்து, பிடரியை இருவரும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரியம்மாள் அரைமணி நேரம் ஒரு மூக்கோடு பேசினார். மூக்கு பனைமரத்தையும் சுவரையும் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னது. அந்தம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தேறிட்டீங்க! இந்த நிமிஷத்துல இருந்து நீங்க எங்க தீவுவாசி" என்றார்.

கூத்தாடினார்கள். திடீரென்று சுடலைமணி நின்றான்.

"தீவுவாசின்னா இங்க எப்படிடே இருக்க? இந்தியாவுக்கு விசா வச்சிருக்கியா?"

கொம்பையா சட்டைப்பையைத் தடவினான். இல்லை.

"போலீஸ் பிடிச்சா கல்யாணம் போச்சே!" என்று அழுதேவிட்டான். சுவரில்லாத வீட்டில் எங்கே ஒளிவது? வைக்கோற்போருக்குள் அவனைத் திணித்தார்கள்.

சேதி கேட்டு ஆவுடையப்பன் தாம்பூலத் தட்டோடு வந்தார். வைக்கோலுக்குள்ளிருந்து மூக்கு மட்டும் நீண்டது.

"மன்னிச்சிருங்க மாமா. நான் இப்ப வெளிநாட்டுல இருக்கேன். இந்தியா வர விசா கிடைச்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வாறேன்."

ஆவுடையப்பன் பூரித்துப்போனார்.

"மெதுவா வாங்க மாப்பிளே. தூத்துக்குடில இறங்குதியளா, மதுரையிலயா? கார் அனுப்புதேன்."