பதினோரு சென்டிமீட்டர்

செங்கோட்டுவேல் பாய்லர் இன்ஜினியர். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். வயது நாற்பத்தேழு.

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு தியானக் கூடம் இருந்தது. அதை நடத்திய தவமணி அம்மாவிடம் ஆறு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தார். அம்மா அவரைவிட இளையவர். ஆனாலும் செங்கோட்டுவேலுக்கு அவர்தான் குரு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"ஒருத்தர் மேல சந்தேகம் வந்திருச்சுங்கம்மா. அது சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன நடந்துச்சு?"

செங்கோட்டுவேல் சுவரோரம் உட்கார்ந்து சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாய ஆலையில் இன்டர்வியூ. ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டது இரண்டு மணிக்கு. முதலில் ஒரு பெண் பாடப் புத்தகத்தில் இருக்கிற கேள்விகளையே கேட்டாள். கல்யாணச் சமையல்காரரிடம் உப்பு என்றால் என்ன என்று கேட்பதுபோல் இருந்தது. அடுத்தவர் லாப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேர் என்ன என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது ஆள் மேனேஜர் கிருபாகரன். அவர் கேள்வியே கேட்கவில்லை. மேசைமேல் ஒரு டிராயிங்கை விரித்தார்.

"புது ஸ்டீம் லைன், அறுபது மீட்டர். முழுசா கணக்குப் போட்டுக் குடுங்க. மூணு மணி நேரம் எடுத்துக்குங்க" என்றார்.

"டிராயிங்னா மூலையில கம்பெனி பேரும் தேதியும் இருக்கும்ங்கம்மா. அந்த மூலைய மடிச்சு பின் அடிச்சிருந்தாங்க. தூக்கிப் பாத்தேன். அவங்க கம்பெனி பேர்தான். இன்டர்வியூவுக்கு முந்தின வாரத் தேதி. அப்பவே எனக்குப் பட்டுது, இது பரீட்சை இல்ல, நெசமாவே போடப்போற லைன். ஓசியில வேலை வாங்கப் பாக்கறாங்க."

"அப்புறம்?"

"போட்டுக் குடுத்தேன். சொல்லி அனுப்பறோம்னாங்க. இப்ப போன் பண்ணுனா எடுக்கறதில்ல." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா நானும் சும்மா வரலைங்க. கணக்குல ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டுத்தான் வந்தேன்."

அம்மாவின் கை நின்றது. "என்ன எண்?"

"ஸ்டீம் போனா குழாய் சூடாகி நீளும். அந்த லைன் பதினோரு சென்டிமீட்டர் நீளும். அதுக்கு இடம் விடணும். நான் அஞ்சுன்னு எழுதினேன். திருடுனா, திருடுனது உதவாம போகட்டும்னு."

"அஞ்சுக்கு மட்டும் இடம் விட்டா?"

"குழாய் நெளியும். எங்கயாவது இணைப்பு விட்டுரும்."

"விட்டா?"

"ஸ்டீம் பீச்சி அடிக்கும்."

"கீழ யார் நிப்பாங்க?"

செங்கோட்டுவேல் வாயைத் திறந்தார். டிராயிங் கண்முன் வந்தது. பாய்லரிலிருந்து கிளம்பிய கோடு ஒரு நீளக் கூடத்துக்கு மேலே போனது. கூடத்துக்குள் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: மடிப்புப் பகுதி, நாற்பது பேர்.

"பொம்பளைங்க" என்றார். "துணி மடிக்கிறவங்க."

அம்மா ஈரத்துணியை வாளியில் போட்டார்.

"வண்டிய எடுங்க."

"அந்தக் கணக்க வெச்சுக்கிட்டாங்களா, தூக்கிப் போட்டாங்களான்னே தெரியாதுங்களே."

"தெரியாது."

"வெறும் பரீட்சையாக்கூட இருக்கலாம். நான் போய் இப்படிச் சொன்னா ஊரெல்லாம் பரவிரும். வேற எந்த ஆலையிலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

"சேத்துக்காம போகலாம்" என்று சொல்லிக்கொண்டே அம்மா செருப்பை மாட்டினார்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே விடவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கிருபாகரன் கேட்டுக்கு வந்தார். அவரும் உள்ளே கூப்பிடவில்லை.

"வேலை கேட்டு இப்படி வாசல்ல வந்து நின்னா எப்படிங்க?"

"அதுக்கு வரலைங்க. நான் குடுத்த கணக்குல ஒரு எண் தப்பு. குழாய் நீளறது அஞ்சு இல்ல, பதினொண்ணு."

கிருபாகரன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கை தவறிப்போச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. செங்கோட்டுவேல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ரோட்டில் போன லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஏன்?"

"நீங்க அதைத் திருடுவீங்கன்னு நெனச்சேன்."

கிருபாகரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அன்னைக்குத் தெரிஞ்சே பொய் எழுதுன ஆளு நீங்க. இன்னைக்குச் சொல்றது நெசம்னு நான் எப்படி நம்பறது? வேலை குடுக்கலைங்கற ஆத்திரத்துல எங்க வேலையக் கெடுக்க வந்திருந்தா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய கணக்கைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. செங்கோட்டுவேலுக்குக் காது சுட்டது.

"என்னை நம்ப வேண்டாங்க" என்றார் கடைசியில். "வேற இன்ஜினியரை வெச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் ஸ்டீம் மட்டும் விட்டுராதீங்க."

கிருபாகரன் நாலு எட்டு தள்ளிப்போய் போனை எடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் கேட்டது.

"திங்கக்கிழமை ஸ்டீம் விட வேண்டாம்... ஆமா, புது லைனுக்குத்தான். நான் சொல்ற வரைக்கும் யாரும் வால்வைத் தொடக் கூடாது."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

கொஞ்ச தூரம் போனதும் செங்கோட்டுவேல் வண்டியை ஓரம் கட்டினார். அவரால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"கேட்டீங்களாம்மா? லைனைப் போட்டே முடிச்சிருக்காங்க! எல்லாம் என் கணக்கு!"

"கேட்டேன்."

"அப்ப நான் என்னதான் பண்ணியிருக்கணும்? சரியா எழுதிக் குடுத்துட்டு ஏமாந்து வந்திருக்கணுமா?"

"எழுதாம எந்திரிச்சு வந்திருக்கலாம்."

அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. ஹேண்டில்பாரை ஓங்கித் தட்டினார்.

"எப்படியோ, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. அந்த மட்டுக்கும் மனசு ஆறுச்சுங்க."

"உங்க சந்தேகம் தப்பாப் போயிருந்தா, நீங்க எழுதுன அஞ்சுங்கற எண் காகிதத்தோட கிடந்திருக்கும்" என்றார் அம்மா. "சரியா இருந்ததாலதான் அந்தப் பொம்பளைங்க தலைக்கு மேல ஏறிப்போச்சு."

செங்கோட்டுவேல் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தார்.