கடைசி எண்ணெய்ப் பெட்டி

காசிலிங்கம் மடத்துக்குள் வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை. கையில் ஓர் அழைப்பிதழ் கசங்கிக்கிடந்தது.

அடுக்களையில் சாமி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தார். காசிலிங்கத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் காசிலிங்கத்துக்கு அவர்தான் குரு.

"சாமி, எனக்குக் கோபம் அடங்கணும். வழி சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க."

"யார்மேல் கோபம்?"

"அவன் பேரை இந்த வாயால சொல்ல மாட்டேன்."

"செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைச் சொல்லும்."

கழற்றினார். சொன்னார்.

காசிலிங்கம் முப்பத்தைந்து வருடம் ரயில்வே யார்டில் சரக்கு வேகன்களைச் சோதித்தவர். அந்தக் காலத்து வேகனில் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டான இருசு, எண்ணெய்ப் பெட்டிக்குள் பித்தளையில் உரசி ஓடும். எண்ணெய் வற்றினாலும் பித்தளை தேய்ந்தாலும் பெட்டி கொதிக்கும். வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். சுட்டால் வேகன்மேல் சாக்குக்கட்டியால் 'சீக்கு' என்று எழுதுவார்கள். எழுதிய வேகன் நகரக் கூடாது.

"எழுதினேன் சாமி. சிமெண்டு வேகன். பித்தளை தேஞ்சு போயிருந்தது. அவன் வந்தான், கைக்குட்டையை எடுத்தான், அழிச்சான். லோடு போயே ஆகணும்னான். பெரிய பதவி, பெரிய கைக்குட்டை."

அடுத்த ஏற்றத்திலேயே இருசு முறிந்து வேகன் கவிழ்ந்தது. பழி, எண்ணெய் ஊற்றும் சவரிமுத்துவின் தலையில் விழுந்தது. ஊற்றாமல் எண்ணெயை விற்றுவிட்டான் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கு அவன் வீடு 'எண்ணெய்த் திருடன் வீடு'.

"இப்ப எல்லா வேகனுக்கும் ரோலர் பேரிங் வந்தாச்சு. எண்ணெய் வேண்டாம், பித்தளை வேண்டாம். நல்லதுதான். பழைய சனியன் ஒழியட்டும், நான் அழ மாட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசிப் பழைய வேகனுக்கு மாலை போட்டு உடைக்க அனுப்புறாங்க. சிறப்பு விருந்தினர் யாரு? அவன்! பழைய பெட்டியோட ஆபத்தை அன்னைக்கே கண்டவராம். அச்சடிச்சிருக்கான் சாமி, அச்சு!"

அழைப்பிதழைத் தரையில் எறிந்தார்.

சாமி அதை எடுத்து அடுப்பில் செருகினார். நன்றாக எரிந்தது. கல் புகைந்தது. அவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே கல்லில் கவிழ்க்கப் போனார்.

காசிலிங்கம் பாய்ந்து குடத்தைப் பிடித்தார்.

"என்ன சாமி இது! வார்ப்புக் கல்லு. வெடிச்சுப் போகும்!"

"சூடாக இருக்கிறதே. ஆற வேண்டாமா?"

"இப்படியா ஆத்துவாங்க? யார்டுக்குப் புதுசா வந்த முட்டாப்பயதான் கொதிக்கிற பெட்டியில தண்ணி ஊத்துவான். புஸ்ஸுன்னு ஆவி வரும். ஆறிடுச்சும்பான். உள்ள இருசு விரிசல் விட்டிருக்கும். வெளிய தெரியாது."

"பிறகு நீர் என்ன செய்வீர்?"

"வேகனைக் கழட்டி ஒதுக்கி நிறுத்துவோம். அதுவா ஆறும். அப்புறம் பெட்டியைத் திறப்போம்."

"எதற்கு?"

"சூடு வெளியேருந்தா வருது? உள்ள எது உரசுதுன்னு பார்க்க வேண்டாமா?"

சாமி குடத்தை இறக்கி வைத்தார். விறகை வெளியே இழுத்தார்.

"இருபத்திரண்டு வருடமாக உமக்குக் கொதிக்கிறது. திறந்து பார்த்தீரா?"

காசிலிங்கம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை நின்ற பிறகுதான் வாய் திறந்தார்.

"சவரி எண்ணெய் ஊத்தினான் சாமி. என் கண்ணு முன்னாலதான் ஊத்தினான்."

"விசாரணையில் சொன்னீரா?"

"அந்தக் கைக்குட்டைக்காரன் தாளை நீட்டினான். கையெழுத்துப் போடுறியா, நீயும் வீட்டுக்குப் போறியான்னான். போட்டேன். பெட்டி காஞ்சு கிடந்ததுன்னு."

"சவரிமுத்து இருக்கிறாரா?"

"இருக்கான். எங்க தெருக் கடைசியில இஸ்திரி போடுறான். நான் அந்தப் பக்கமே போறதில்ல. சுத்துவழியாத்தான் கடைக்குப் போவேன்."

சாமி விறகுத் தணலைத் தட்டி அணைத்தார். காசிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப என் கோபம் தப்பா? அழிச்சது அவன்தானே!"

"அழித்தது அவன்தான். உம் கோபத்தில் நான் தண்ணீர் ஊற்றவில்லையே."

"நாளைக்கு அவன் கழுத்துல மாலை விழும் சாமி. வேகனையும் உடைச்சிடுவாங்க. நான் என்ன செய்யட்டும்?"

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். காசிலிங்கத்தின் செருப்பைத் தம் கையால் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

"விழாவுக்குத் தனியாகப் போகாதீர்" என்றார். "தெருக் கடைசி வழியாகப் போம்."